மூன்று ஆண்டு வெளியில் நின்ற பைக்கை மீட்டெடுத்தது: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

150 சிசி, ஒற்றை சிலிண்டர், ஏர் கூல்டு நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின். கார்புரேட்டர் வண்டி. முன்னால் டிஸ்க் பிரேக், பின்னால் டிரம் பிரேக், கிக்கரும் உண்டு, செல்ஃபும் உண்டு. வாங்கியதிலிருந்து ஒரே ஆள்தான் ஓட்டியிருக்கிறார். முழங்கால் வலி வந்த பிறகு நிறுத்திவிட்டார். கொஞ்ச நாளில் சரியாகிவிடும், மறுபடி எடுக்கலாம் என்று வீட்டுச் சுவரோரம் மண் தரையில் சைடு ஸ்டாண்டில் விட்ட வண்டி, மூன்று ஆண்டுக்கு மேல் அங்கேயே நின்றுவிட்டது. மேலே பிளாஸ்டிக் தார்ப்பாய் போர்த்தி, காற்றில் பறக்காமல் இறுக்கமாகக் கயிறு கட்டியிருந்தார்கள். டேங்கில் பாதி அளவு பெட்ரோல் இருந்தது. பேட்டரி இணைப்பைக் கழற்றவில்லை.

அவருடைய மகன் அதை ஓட்ட விரும்பினார். அவருக்கு ஸ்பேனர் பிடிக்கத் தெரியும், ஆனால் நெடுநாள் நின்ற வண்டியைத் தொட்டதில்லை. வேலையை அவரே செய்தார். என்ன செய்வது, எந்த வரிசையில் செய்வது என்று சொல்ல நான் கூட இருந்தேன். நடந்ததை அப்போதைக்கப்போது எழுதி வைத்ததிலிருந்து இந்தப் பதிவு.

முதல் நாள் கண்டது

தார்ப்பாயை எடுத்ததும் உள்பக்கம் ஈரமாக இருந்தது. மழை பெய்து பல நாள் ஆகியிருந்தது. மண்ணிலிருந்து எழும் ஈரம் மேலே போக வழியில்லாமல் பிளாஸ்டிக்கில் பட்டு, திரும்ப வண்டி மீதே வடிந்திருக்கிறது. மேலே வெயில் படும் இடங்களைவிட, தார்ப்பாய் ஒட்டிக் கிடந்த ஹேண்டில்பாரும் செயின் கவரின் அடிப்பகுதியும்தான் அதிகமாகத் துருப்பிடித்திருந்தன. மூடாமல் கூரை நிழலில் விட்டிருந்தால்கூட இதைவிட நன்றாக இருந்திருக்கும் என்பது என் கணிப்பு.

இரண்டு டயரும் காற்றில்லாமல் தரையோடு தட்டையாகிக் கிடந்தன. பக்கவாட்டில் நகம் நுழையும் அளவுக்கு வெடிப்பு. டயர் ஓரத்தில் அச்சிட்டிருக்கும் நான்கு இலக்க எண்ணைப் பார்த்தோம். முதல் இரண்டு இலக்கம் வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. வண்டி நிற்கத் தொடங்கும் முன்பே அந்த டயர்களுக்கு ஐந்து வயது ஆகியிருந்தது.

டேங்க் மூடியைத் திறந்ததும் பெட்ரோல் வாசம் வரவில்லை. பழைய வார்னிஷ் டப்பாவைத் திறந்தால் வரும் புளித்த நெடி வந்தது. டார்ச் அடித்துப் பார்த்தால் பெட்ரோல் மட்டத்துக்கு மேலே உள் சுவர் முழுக்கச் செந்நிறத் துரு. கிளட்ச் கேபிள் அசையவில்லை. முன் பிரேக் லீவரை அழுத்தினால் கல் மாதிரி இருந்தது, முன் சக்கரம் கையால் சுற்ற மறுத்தது. செயின் சில கண்ணிகளில் மடங்கிய வடிவத்திலேயே இறுகியிருந்தது. சைலென்சர் வாயில் குளவி மண்கூடு. ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் எலி கடித்துப் போட்ட ஸ்பாஞ்சுத் துகள்.

சாவி திரும்பியது. விளக்கு எதுவும் எரியவில்லை.

ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்ற முடிவு

வண்டியின் பழைய சொந்தக்காரர் அருகில்தான் நின்றிருந்தார். "ஒரு கிக் அடிச்சுப் பாருடா, எடுத்தாலும் எடுத்துடும்" என்றார். மகனுக்கும் அதே ஆசை. நான் வேண்டாம் என்றேன். "அப்பா, ரெண்டு நாள் பொறுங்கப்பா" என்று மகன் கிக்கரிலிருந்து காலை எடுத்தார்.

காரணங்களைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த இடத்தில்தான் நிறைய வண்டிகள் கெடுகின்றன. நெடுநாள் நின்ற இன்ஜினில் சிலிண்டர் சுவரில் இருந்த ஆயில் படலம் வடிந்து போயிருக்கும். பிஸ்டன் ரிங் நின்ற இடத்தில் மெல்லிய துரு வரி பிடித்திருக்கலாம். அதன் மீது காய்ந்த ரிங்கை வேகமாக இழுத்தால் சுவரில் கீறல் விழும், அந்தக் கீறல் பிறகு போகாது. அடுத்து, டேங்கிலிருக்கும் துருவும் கெட்ட பெட்ரோலும் கார்புரேட்டருக்குள் இறங்கும். ஏர் ஃபில்டர் துகளை இன்ஜின் உறிஞ்சும். இவ்வளவையும் மீறி ஸ்டார்ட் ஆகிவிட்டால் அது இன்னும் பெரிய தொல்லை. ஓடுகிற வண்டியை யாருக்கும் நிறுத்தி வைக்க மனம் வராது. தெரு முனை வரை போய்ப் பார்ப்போம் என்று தோன்றும். பிரேக் இல்லாத, டயர் வெடித்த வண்டியில்.

ஆகவே வரிசையை இப்படி வைத்தோம்: முதலில் இன்ஜின் கையால் சுற்றுகிறதா என்று பார்ப்பது, பிறகு பெட்ரோல் போகும் வழி முழுவதும், பிறகு மின்சாரம், அதன் பின் பிரேக்கும் டயரும். இவை முடிந்த பிறகே ஸ்டார்ட்.

இன்ஜினை விடுவித்தது

ஸ்பார்க் பிளக்கைக் கழற்றும் முன் அதைச் சுற்றியிருந்த மண்ணை பிரஷ்ஷால் தட்டி, காற்றடித்து எடுத்தோம். இல்லையென்றால் அத்தனையும் நேராக சிலிண்டருக்குள் விழும். பிளக் துளை வழியே மெல்லிய எல்.இ.டி. விளக்கை விட்டுப் பார்த்ததில் சுவரின் ஒரு பக்கம் பழுப்பு நிறத்தில் ஒரு பட்டை தெரிந்தது. விரலால் தொட முடியாத இடம், ஆழம் தெரியவில்லை.

துளை வழியாக இரண்டு தேக்கரண்டி அளவு இன்ஜின் ஆயிலும் துரு விடுவிக்கும் எண்ணெயும் கலந்து ஊற்றி, ஒரு இரவு விட்டோம். மறுநாள் வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் போட்டு, டாப் கியரில் வைத்து, பின் சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் கொஞ்சம் கொஞ்சமாக அசைத்தோம். கிக்கர் வேண்டாம் என்று சொன்னதன் காரணம், காலின் பலத்தை அளவோடு நிறுத்த முடியாது. சக்கரத்தைக் கையால் அசைக்கும்போது எதிர்ப்பு எங்கே இருக்கிறது என்று தோளுக்கே தெரியும். முதலில் ஒரு விரற்கடை அளவு நகர்ந்தது. திரும்ப எண்ணெய் விட்டு, திரும்ப அசைத்து, மாலைக்குள் முழுச் சுற்று வந்தது. பிளக் துளையிலிருந்து தெறித்த எண்ணெய் செம்பழுப்பாக இருந்தது.

பழைய இன்ஜின் ஆயிலைக் கீழே இறக்கினோம். பால் கலந்த காபி நிறத்தில் இருந்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது என்று அர்த்தம். கறுப்பாகத்தான் இருந்தது. வடிந்த கடைசியில் மட்டும் சில சொட்டுத் தண்ணீர். அது உள்ளே வியர்த்த ஈரம். புது ஆயில், புது ஃபில்டர். வால்வுகளின் டாப்பெட் இடைவெளியை மேனுவல் அளவுக்குச் சரி செய்தோம்.

சிலிண்டருக்குள் எவ்வளவு அழுத்தம் வருகிறது என்று காட்டும் கம்ப்ரஷன் கேஜ் வைத்து ஆக்ஸிலேட்டரை முழுக்கத் திறந்து கிக்கரை அடித்தபோது 80 பி.எஸ்.ஐ. வந்தது. இந்த மாதிரி இன்ஜினில் 120-க்கு மேல் எதிர்பார்க்கலாம். சிலிண்டருக்குள் கொஞ்சம் ஆயில் விட்டு மறுபடி அளந்தால் 125. ஆயில் விட்டதும் ஏறுகிறது என்றால் கசிவு ரிங் பக்கம், வால்வு பக்கம் இல்லை. ரிங்குகள் பிசினேறி அதன் பள்ளத்திலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். ஓடிச் சூடானால் விடுபட வாய்ப்பிருக்கிறது. அதனால் சிலிண்டரின் மேல் மூடியான ஹெட்டைத் திறக்காமல், ஓட்டிய பிறகு இன்னொரு முறை அளப்பது என்று முடிவெடுத்தோம். இது சரியான முடிவா என்பது அப்போது உறுதியில்லை. திறந்துவிட்டால் கேஸ்கெட், ரிங், ஒருவேளை சிலிண்டரைக் கடைந்து போர் செய்வது என்று வேலை பெருகும். திறக்க வேண்டிய கட்டாயம் வந்தால் பிறகும் திறக்கலாம்.

டேங்கும் கார்புரேட்டரும்

பழைய பெட்ரோலைக் கேனில் பிடித்தபோது அடியில் ஒரு தனி அடுக்கு தெரிந்தது. பெட்ரோலில் கலந்திருக்கும் எத்தனால் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும், அளவு மீறினால் தண்ணீரோடு சேர்ந்து பிரிந்து கீழே இறங்கிவிடும். டேங்கின் அடியில் தேங்கியது இதுதான், அங்கேதான் பெட்ரோலைத் திறந்து மூடும் காக்கும் இருக்கிறது. மேலே நின்ற பகுதியில் எளிதாக ஆவியாகும் சத்துகள் போய், மிச்சம் பிசினாகிக்கொண்டிருந்தது. புது பெட்ரோலோடு கலந்து தீர்த்துவிடலாமா என்று மகன் கேட்டார். கூடாது என்றேன். கெட்டதை எவ்வளவு நீர்க்க வைத்தாலும் பிசின் பிசின்தான்.

துருவுக்குச் சிட்ரிக் அமிலம். ஒரு லிட்டர் வெந்நீருக்கு 60 கிராம் வீதம் கரைத்து டேங்கை வாய் வரை நிரப்பி ஒரு இரவு வைத்தோம். காக்கைக் கழற்றி அந்தத் துளையை ரப்பர் துண்டால் அடைத்திருந்தோம். கழிவறை கழுவும் அமிலத்தை ஊற்றலாம் என்று சொல்பவர்கள் உண்டு. அது துருவோடு நல்ல இரும்பையும், டேங்கின் மடிப்புத் தையலையும் தின்றுவிடும். மறுநாள் கொட்டி, சோடா உப்புக் கரைசலால் அலசி, உடனே ஹேர் டிரையரால் காய வைத்து, பெட்ரோலில் டூ ஸ்ட்ரோக் ஆயில் கொஞ்சம் கலந்து உள்ளே சுழற்றினோம். ஈரத்தோடு ஒரு மணி நேரம் விட்டால்கூட செந்நிறம் திரும்பி வந்துவிடும்.

கார்புரேட்டரைத் திறந்தபோது பெட்ரோல் தேங்கும் ஃப்ளோட் கிண்ணத்தின் அடியில் வெள்ளைப் பொடியும் பச்சைப் பிசினும் இருந்தன. பெட்ரோலை அளந்து விடும் துளைகளான ஜெட்டுகளில், மெயின் ஜெட் வெளிச்சத்தில் தெளிவாகத் தெரிந்தது. ஸ்லோ ஜெட் முழுக்க அடைத்திருந்தது. அதன் துளை தலைமுடிக்குக் கொஞ்சம் பெரியது, அவ்வளவுதான். இரும்புக் கம்பியால் குத்தினால் பித்தளைத் துளை பெரிதாகிவிடும், பிறகு ஐட்லிங் (ஆக்ஸிலேட்டரைத் தொடாமல் இன்ஜின் ஓடுவது) ஒருபோதும் சீராக இருக்காது. ஒயரிலிருந்து உருவிய ஒற்றைச் செம்பு இழையை, கிளீனரில் ஊறவைத்த பிறகு மெதுவாக விட்டோம். மறுபக்கம் ஊசிமுனை அளவு வெளிச்சம் தெரியும் வரை நிறுத்தவில்லை. ஸ்ப்ரே கிளீனர் பட்டால் டயஃப்ரம் என்ற மெல்லிய ரப்பர் சவ்வு உப்பிவிடும் என்பதால் அதை முன்பே கழற்றித் தனியாக வைத்திருந்தோம்.

பெட்ரோல் ஹோஸ் விரலால் மடித்ததும் வெடித்தது. புதிது போட்டு, நடுவில் தெளிவாக உள்ளே தெரியும் ஒரு சிறு ஃபில்டரும் வைத்தோம். ஃபில்டர் தெளிவானதாக இருக்க வேண்டும் என்பது முக்கியம், டேங்க் உண்மையிலேயே சுத்தமானதா என்று சொல்லப்போவது அதுதான்.

மின்சாரம்

12 வோல்ட் பேட்டரியில் 3.8 வோல்ட்தான் இருந்தது. சார்ஜரில் ஒரு நாள் வைத்தால் ஏறியது, எடுத்த சில மணி நேரத்தில் இறங்கியது. இவ்வளவு காலம் காலியாகக் கிடந்த லெட் ஆசிட் பேட்டரியின் தகடுகளில் சல்பேட் படிந்து இறுகியிருக்கும். மீட்க மெனக்கெடவில்லை, புதிது வாங்கினோம், நிறுத்திய நிலையில் 12.7 காட்டியது. ஹெட்லைட் பின்னால் ஒரு ஒயரை எலி கடித்துச் செம்பு வெளியே தெரிந்தது. அதைச் சாலிடர் செய்து சுற்றினோம். ஃபிரேமில் எர்த் ஒயர் போல்ட்டுக்கடியில் துரு இருந்தது, சுரண்டி இறுக்கினோம். பிளக்கை இன்ஜினில் சாய்த்து வைத்துக் கிக் அடித்ததும் நீல நிறத்தில் நல்ல பொறி வந்தது.

பிரேக்

நாங்கள் அதிக நேரம் செலவழித்தது இங்கேதான், அதில் எனக்கு வருத்தமில்லை.

முன் பிரேக் லீவரோடு சேர்ந்து திரவம் இருக்கும் மாஸ்டர் சிலிண்டரின் மூடியைத் திறந்ததும் தேநீர் நிறத்தில் திரவம், அடியில் வண்டல். பிரேக் திரவம் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும் தன்மை கொண்டது. டாட் 4 வகை புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். ஈரம் ஏறிய நிலைக்கு அந்தத் தர வரையறை வைத்திருக்கும் குறைந்த அளவு 155. அதையும் தாண்டி ஈரமானால் எவ்வளவு இறங்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. கொதித்த திரவம் ஆவியாகி, லீவர் கைப்பிடி வரை வந்துவிடும், வண்டி நிற்காது.

டிஸ்க்கைக் கவ்வும் கேலிப்பரைக் கழற்றி, அதன் பிஸ்டனை வெளியே எடுக்கக் காற்றடிக்காமல் பிரேக் லீவரையே பயன்படுத்தினோம். காற்றழுத்தத்தில் பிஸ்டன் குண்டு மாதிரி பாயும், விரல் நடுவில் இருந்தால் போய்விடும். லீவரை அழுத்த அழுத்த அது அங்குலம் அங்குலமாக வந்தது. பிஸ்டனின் மீது ரப்பர் சீல் உட்காரும் இடம் நன்றாக இருந்தது, வெளி விளிம்பில் மட்டும் துரு. பிடிப்புக்குக் காரணம் பிஸ்டனில் இல்லை. சீல் உட்காரும் பள்ளத்துக்குள் அலுமினியம் அரித்து வெள்ளைப் படிவு ஏறியிருந்தது. அது சீலைப் பின்னாலிருந்து தள்ளி, பிஸ்டனை நாலு பக்கமும் இறுக்கியிருக்கிறது. புது சீல் மட்டும் போட்டிருந்தால் சில வாரத்தில் பழையபடி பிடித்திருக்கும். மகன் வளைந்த பல் குத்தும் கருவி போன்ற ஒன்றை வைத்துக்கொண்டு, பள்ளத்தின் சுவரைக் கீறாமல் பொறுமையாக முழு வட்டமும் சுரண்டினார். சுண்ணாம்பு மாதிரி பொடி உதிர்ந்தது.

பின் டிரம்மில், உரசி நிறுத்தும் ஷூவின் லைனிங் தடிமன் போதுமானதாக இருந்தது. ஆனால் ஓரத்தில் ஒரு விரல் நகத்தை நுழைத்தால் லைனிங் ஷூவிலிருந்து தூக்கிக்கொண்டு வந்தது. ஒட்டும் பசைக்கும் உலோகத்துக்கும் நடுவில் அரிப்பு பரவியிருந்தது. ஓடும்போது அது கழன்றிருந்தால் டிரம்முக்குள் மடங்கிச் சக்கரத்தைப் பூட்டியிருக்கும். வெளியே இருந்து தேய்மானக் காட்டியைப் பார்த்தால் எல்லாம் சரி என்றுதான் சொல்லும். நின்ற வண்டியில் டிரம்மைத் திறந்து பார்க்காமல் விடக் கூடாது என்று நான் வற்புறுத்துவது இதற்காகத்தான்.

டயர், டியூப், செயின், முன் பின் ஸ்புராக்கெட் நான்கும் புதிது. செயினை எண்ணெயில் ஊறவைத்து மீட்கலாம், ஆனால் இறுகிய கண்ணிகள் இருந்ததால் வைக்கவில்லை. வீல் பேரிங் இரண்டும் சுற்றும்போது சொரசொரத்தன, அவற்றையும் மாற்றினோம். கேபிள்கள் எண்ணெயில் விடுபட்டன.

முதல் ஓட்டம்

சோக் போட்டு கிக் அடித்ததும் சில முயற்சியில் பிடித்துக்கொண்டது. முதலில் கனமான வெண்புகை. சிலிண்டருக்குள் விட்ட ஆயில் எரிவது. சிறிது நேரத்தில் அது குறைந்து போனது. ஐட்லிங் சீராக இருந்தது. பேட்டரி முனையில் 14.2 வோல்ட், ஆக சார்ஜிங் சரி. கிளட்ச் லீவரைப் பிடித்து கியர் போட்டதும் வண்டி முன்னால் துள்ளி அணைந்தது. கிளட்ச் பிளேட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. இன்ஜினை நன்றாகச் சூடாக்கி அணைத்து, கியரில் போட்டு, கிளட்ச்சைப் பிடித்தபடி வண்டியை முன்னும் பின்னும் தள்ளியதில் விடுபட்டன.

காலி இடத்தில் மெதுவாக ஓட்டி, இரண்டு பிரேக்கையும் தனித்தனியாகப் பார்த்தோம். நின்றது. அன்று வேலை முடிந்தது என்று கலைந்தோம்.

ஆயில் மட்டம் ஏறியது

மறுநாள் காலையில் மகன் ஆயில் பார்க்கும் கண்ணாடியில் மட்டம் மேல்கோட்டைத் தாண்டியிருப்பதைக் கவனித்தார். முந்தைய நாள் நடுவில் இருந்தது. ஆயில் தானாகக் கூடாது. ஆயில் மூடியைத் திறந்து முகர்ந்தால் பெட்ரோல். விரலில் தேய்த்தால் ஆயிலின் வழுவழுப்பு இல்லை, தண்ணீராக வழிந்தது.

அவர் ஸ்டார்ட் செய்யாமல் என்னைக் கூப்பிட்டார். இந்த முழு வேலையிலும் மிகச் சரியான செயல் இதுதான் என்பேன். நீர்த்த ஆயிலோடு ஓட்டியிருந்தால் கிராங்க் பேரிங் போயிருக்கும். சிலிண்டரிலேயே பெட்ரோல் தேங்கியிருந்தால் கிக் அடித்த நொடியில் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராட் வளைந்திருக்கக்கூடும், ஏனென்றால் திரவம் அமுங்காது.

பெட்ரோல் காக் இரவு முழுக்கத் திறந்தே இருந்தது. ஆனால் அது ஒரு பாதிக் காரணம்தான். காக் திறந்திருந்தாலும் கிண்ணம் நிறைந்ததும் ஃப்ளோட் ஊசி வழியை அடைக்க வேண்டும். திறந்து பார்த்ததில் ஊசியின் ரப்பர் முனையில் மணலைவிடச் சிறிய ஒரு துருத் துகள். புதிய ஃபில்டரின் அடியிலும் அதே நிறத்தில் மெல்லிய படிவு. டேங்க் தையலின் மடிப்பிலிருந்து துரு இன்னும் உதிர்ந்துகொண்டிருந்தது.

சரி, ஊசி அடைக்கவில்லை, அப்போதும் மிகைப் பெட்ரோல் ஓவர்ஃப்ளோ குழாய் வழியாகத் தரையில்தானே சொட்ட வேண்டும்? தரை காய்ந்திருந்தது. அந்த மெல்லிய ரப்பர் குழாயைக் கழற்றி ஊதிப் பார்த்தால் காற்று போகவில்லை. நுனியிலிருந்து விரலளவு உள்ளே குளவி மண் அடைத்திருந்தது. சைலென்சர் வாயில் கூட்டைப் பார்த்தபோது அதை எடுத்தோம், அதே குளவி வேறு துளைகளையும் தேடியிருக்கும் என்று மற்ற குழாய்களைப் பார்க்கவில்லை. வெளியேற வழியில்லாத பெட்ரோல் இன்டேக் வழியாக சிலிண்டருக்கும், அங்கிருந்து ரிங்குகளைத் தாண்டி ஆயிலுக்கும் போயிருக்கிறது. ரிங் இன்னும் முழுக்க விடுபடாததால் இறங்குவதும் எளிதாக இருந்தது.

பிளக்கைக் கழற்றி, கையால் சுற்றி வெளியேற்றி, ஆயிலை மாற்றினோம். சிட்ரிக் அமிலத்தை மறுபடி ஊற்றி, இந்த முறை டேங்கில் சில நட்டுகளைப் போட்டுக் குலுக்கி, மடிப்பில் ஒட்டியிருந்ததை உதிர்த்தோம். நட்டுகளை எண்ணிப் போட்டு எண்ணி எடுத்தோம். ஃப்ளோட் ஊசி புதிது. வண்டியின் எல்லாக் குழாய்களிலும், டேங்க் மூடியின் காற்றுத் துளை உட்பட, ஊதிப் பார்த்தோம்.

அதன் பின் நிலை

இருநூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு ஆயிலை இன்னொரு முறை மாற்றி, கம்ப்ரஷன் அளந்தபோது, ஆயில் எதுவும் விடாமல் 130 காட்டியது. ஹெட்டைத் திறக்காமல் விட்டது பலித்தது. புகை இல்லை. ஃபில்டரில் புதிய படிவு இல்லை. முன் ஃபோர்க்கின் ஒரு பக்கம் எண்ணெய் கசிந்தது. ஈரமும் தூசியும் பட்டு அரித்த தண்டின் மேடு சீலைக் கிழித்திருந்தது. மேட்டை நுண்ணிய தாளால் தேய்த்து எடுத்து, இரண்டு பக்கமும் சீல் மாற்றியதில் நின்றது.

இன்னொரு முறை என்றால் மாற்ற வேண்டியவை

குளவிக் கூடோ எலித் தடமோ ஒரு இடத்தில் தெரிந்தால், வண்டியில் திறந்த துளை இருக்கும் ஒவ்வொரு இடத்தையும் அன்றே ஊதிப் பார்ப்பேன். இதற்கு அரை மணி நேரம்கூட ஆகாது.

டேங்கைச் சுத்தம் செய்த பிறகு நேராக வண்டியில் மாட்ட மாட்டேன். கொஞ்சம் பெட்ரோல் ஊற்றி, ஒரு நாள் வைத்து, வெள்ளைத் துணி வழியாக வடித்து, துணியில் என்ன நிற்கிறது என்று பார்த்த பிறகே கார்புரேட்டரோடு இணைப்பேன். முதல் சில வாரத்துக்கு வண்டியை நிறுத்தும் ஒவ்வொரு முறையும் காக்கை மூடவும், காலையில் கிக் அடிக்கும் முன் ஆயில் மட்டம் பார்க்கவும் சொல்வேன். மகன் இப்போது அதைச் செய்கிறார். அவருடைய அப்பா சாயங்காலம் வெளியே வந்து காக் மூடியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டுப் போகிறார்.

ஃபோர்க் தண்டை முதல் நாளே எண்ணெய்த் துணியால் துடைத்து, விரலால் தடவிப் பார்த்திருந்தால் அந்த மேடு அப்போதே பட்டிருக்கும். புது டயர் மாட்டச் சக்கரத்தைக் கழற்றியபோதே சீலையும் மாற்றியிருக்கலாம், அதே பாகங்களை இரண்டாம் முறை கழற்ற வேண்டி வந்திருக்காது.